கைமரம் போன இடம்

கடலுக்குப் போகிறவன் கரையேறியதும் ஒரு தடவையாவது கடலைத் திரும்பிப் பார்ப்பான். மதியழகன் சில நாட்களாக அதற்கு நேர்மாறாக நின்றான். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழிமுகத்துக்கு அப்பால் கேளம்பாக்கம் பக்கம் வரிசையாக நிற்கிற மாடிக் கட்டடங்களின் தலைக்கு மேலே வெறும் வானத்தை வெறித்துக்கொண்டிருந்தான். யாரோடும் பேச்சு கிடையாது. அவன் பெண்டாட்டி காந்தாவுக்கு இது பொறுக்கவில்லை. புருஷன் பட்டினி கிடந்தால்கூட அவள் ஒரு வேளை பொறுத்துக்கொள்வாள். அவன் எதைப் பார்க்கிறான் என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பிறவிக் குணம் அப்படி.

"அங்க இன்னாய்யா கீது?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததையா இவ்ளோ நாளா பாத்துகினு கீறே?"

அவன் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். அங்கே ஒன்றும் இல்லாமல் போனதுதான் விஷயமே என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

கடலுக்கடியில் கல்லும் பாசியுமாகக் கிடக்கிற திட்டுக்கு மீன்பிடிக்கிறவர்கள் வைத்த பெயர் 'பார்'. சுற்றிலும் வெறும் சேறு. பார் இருக்கிற இடத்தில் மட்டும் சங்கரா மீன் கூட்டமாக மேயும். மதியழகன் குடும்பத்துக்கென்று பரம்பரையாக ஒரு பார் உண்டு. கங்கம்மா பார் என்று பெயர். மிஞ்சிப்போனால் ஒரு கல்யாண மண்டபத்தின் அகலம் இருக்கும். அவ்வளவு பெரிய கடலில் அந்தத் துண்டு இடத்தைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. கரையில் கிட்டத்தில் ஒரு பொருள், அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு பொருள்; இரண்டும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நேருக்கு நேர் வந்து நின்றால் படகு சரியான கோட்டில் இருக்கிறது என்று அர்த்தம். இதே மாதிரி வடக்குப் பக்கம் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் சேர்கிற இடத்தில் நங்கூரம் போட வேண்டியதுதான்.

எந்தப் பொருள், எந்த ஜோடி என்பதுதான் ரகசியம். தகப்பன் மகனுக்குச் சொல்வான், அதுவும் கடலில் வைத்துத்தான் சொல்வான். கரையில் நின்று வாய்விட்டால் பார் நகர்ந்து போய்விடும். இதை நம்பிக்கை என்று சொன்னால் குப்பத்தில் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு இது கட்டுப்பாடு. காந்தாவுக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவனுக்கு எந்தப் பல் ஆடுகிறது, எந்த மச்சானோடு உள்ளுக்குள் பகை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பார் மட்டும் தெரியாது. பெண்களுக்குச் சொல்லக் கூடாத பாருக்குப் பெண்பிள்ளை பெயர் எப்படி வந்தது, யார் அந்தக் கங்கம்மா என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். "அது அப்டித்தாம்மே" என்பதற்கு மேல் அவனிடமிருந்து எதுவும் வந்ததில்லை.

படகில் ஜி.பி.எஸ். மிஷின் இருந்தது. அதில் அவன் பாரைப் பதியவில்லை. மிஷினில் போட்டால் இரவல் கேட்கிறவனுக்கெல்லாம் பார் சொந்தமாகிவிடும் என்பான். ஊரில் ஒருத்தனுக்கு அப்படித்தான் ஆயிற்று. மறுவாரமே குப்பத்துப் படகெல்லாம் அவன் பார்மேல் திருவிழாக் கூட்டமாக நின்றன. மதியழகன் கூட்டாளியாக வைத்திருந்த அப்பாதுரைக்குக்கூடக் கண்ணில் புரை. தூரத்தில் இருப்பது எதுவும் தெரியாது. அந்த ஒரு தகுதிக்காகவே அவரைச் சேர்த்துக்கொண்டான் என்று குப்பத்தில் கேலி பேசுவார்கள். அது கேலி இல்லை, உண்மை.

இந்த ரகசியத்துக்குத்தான் சரிதா வழியாகச் சோதனை வந்தது. சரிதா அவர்களுடைய ஒரே மகள். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள், அங்கேயே ஹாஸ்டல். அவளுடைய ஷீலா மேடம், பிள்ளைகள் எல்லாரும் அவரவர் ஊரில் மட்டும் புழங்குகிற சொற்களைப் பேசவைத்துப் பதிந்துகொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச காலத்தில் கேட்கக்கூடக் கிடைக்காது என்று சொல்லி அனுப்பியிருந்தாராம். லீவுக்கு வந்த சரிதா தகப்பன் முன்னால் போனை வைத்தாள். மதியழகனுக்கு ஒரே குஷி. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தால் என்ன பெயர், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடினால் என்ன பெயர், எந்த மேகத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று சொல்லிக்கொண்டே போனான். பக்கத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த காந்தாவே வாயைப் பிளந்தாள். இந்த மனுஷனுக்கு இத்தனை பேச வருமா என்றிருந்தது.

"கடல்லர்ந்து பாத்தா இந்த பில்டிங்குலாம் தெரியுமா நைனா? அதுக்கும் பேர் வச்சிகிறீங்களா?" என்று சரிதா கேட்டாள்.

"இன்னாத்துக்கு இல்லாம? தண்ணி டேங்க்கு கீதே, அது குண்டாத்தி. நாலு பில்டிங்கு ஒண்ணா கீதே, அது பங்காளிங்க. அதுல ஒசரமா கைய நீட்டிகினு நிக்குதே, அது கைமரம். நம்ம பாருக்கு அந்தக் கைமர..."

அத்தோடு வாயை மூடிக்கொண்டான். முகம் வெளிறிவிட்டது. "ஆஃப் பண்ணு" என்றான்.

அடுத்த முறை கடலுக்குப் போனபோது பார் கிடைக்கவில்லை. ஈயம் கட்டின கயிற்றை இறக்கி இறக்கிப் பார்த்தான், சேறுதான் வந்தது. மறுநாளும் சேறு. கரைக்கு வந்தவன் நேராக மகளிடம் போனான். "கரையில வாய் வுட்டேன். பாரு போய்ட்ச்சு. நீ புடிச்ச அத்தனையும் அழி" என்றான். சரிதா கெஞ்சிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். கடைசியில் அவன் கண் முன்னாலேயே காற்று, தண்ணீர், மேகம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் தாம்பரத்துக்கு பஸ் ஏறிப் போனாள். அன்றிலிருந்துதான் மதியழகன் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தான். படகைத் தம்பி சின்னதம்பிக்கே கொடுத்துவிட்டு எங்கேயாவது வாட்ச்மேன் வேலைக்குப் போகப்போவதாக அப்பாதுரையிடம் சொன்னானாம். கடலில் எதற்கும் அசராத மனுஷன் அப்படிச் சொன்னது காந்தா காதுக்கும் வந்தது.

ஆனால் காந்தா உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை. அவள் மண்டையில் ஒரு கேள்விதான் குடைந்தது. கைமரம் என்றால் என்ன?

ஓ.எம்.ஆர். அடுக்குமாடி வீடுகளுக்கு வாரம் இரண்டு தடவை மீன் கொண்டுபோகிறவள் அவள். அந்த வாரம் கூடையோடு கேட்டில் நின்று அண்ணாந்து பார்த்தாள். நான்கு கட்டடங்களும் ஒரே அச்சில் வார்த்த இட்லி மாதிரி நின்றன. ஏதோ குறைகிறது என்று பட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

"தனசிங் அண்ணா, மேல மஞ்சளா ஒரு கிரேன் நின்னுகினு இருந்துச்சே, எங்க?" என்று வாட்ச்மேனைக் கேட்டாள்.

"வேலை முடிஞ்சிட்ச்சு, கழட்டிட்டாங்கம்மா. இப்ப தாம்பரத்துல மாட்டிகினு கீறாங்க. இன்னாத்துக்கு கேக்குற?"

"சொம்மாத்தான்."

கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கழற்றி எடுத்துக்கொண்டு போகிற இரும்பை நம்பி எவனாவது பாருக்கு அடையாளம் வைப்பானா? இவள் புருஷன் வைத்திருக்கிறான். அது மட்டுமா, வேலை முடிந்து கம்பெனிக்காரன் கழற்றினதை, தான் கரையில் பெயர் சொன்ன பாவத்தால் மறைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பெற்ற பெண்ணை வேறு அழவைத்திருக்கிறான்.

மறுநாள் சரிதாவுக்கு மீன் குழம்பு எடுத்துக்கொண்டு வண்டலூர் வழியாகத் தாம்பரம் போனாள். மகளைப் பார்ப்பதற்கு முன்னால் கிரேனைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஸ்டேஷனுக்கு மேற்கே விசாரித்துக்கொண்டே போனாள். தகரம் அடித்த வேலிக்குள் கைமரம் பாதி எழும்பியிருந்தது. மீதி துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. இவ்வளவு பெரியதா என்று கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் காய்ந்து சுட்டது. அதன் நிழலில் ஒருத்தன் டிபன்பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"யாருக்கா வேணும்?"

"இத்தான் பாக்க வந்தேன்" என்றாள் காந்தா, கிரேனைக் காட்டி.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் பெயர் அன்பு, பல்லாவரத்துக்காரன். கேளம்பாக்கத்தில் இந்தக் கிரேனின் உச்சியில், கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து ஓட்டினவனே அவன்தான். கிரேனைப் பார்க்க இதுவரை ஒருத்தரும் மெனக்கெட்டு வந்ததில்லை என்றான். தன் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர் என்று மட்டும் சொன்னாள் காந்தா. அவ்வளவுதான், அன்புக்குப் பேச்சு பிய்த்துக்கொண்டு வந்தது.

"கடலா? காலைல மேல ஏறி குந்தினா எனக்கு அதான்க்கா டிவி. நெறைய போட்டு இங்கியும் அங்கியும் ஓடிகினே இருக்கும். ஒண்ணே ஒண்ணு மட்டும் வந்து ஒரே எடத்துல நிக்கும். என் பெட்டிலர்ந்து பாத்தா நேரா கரையில கீற மாதா கோயில் கூம்பு, கூம்புக்கு மேல அந்தப் புள்ளி. தெனம் அதே எடம். சாமி கும்புடுறான் போலன்னு நெனச்சிகினு நானும் ஒரு கும்புடு போட்டுட்டு வேலைய ஆரம்பிப்பேன்."

காந்தாவுக்குப் புல்லரித்தது. இருபது வருஷமாகப் பக்கத்தில் படுத்தவன் சொல்லாததை, ஊர் பேர் தெரியாதவன் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிட்டான். படகிலிருந்து பார்த்தால் கூம்புக்குப் பின்னால் கைமரம். கைமரத்திலிருந்து பார்த்தால் கூம்புக்குப் பின்னால் படகு. கடலிலிருந்து தான் பார்க்கிற அடையாளமே திரும்பித் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று அந்த மனுஷனுக்கு ஒரு நாளாவது தோன்றியிருக்குமா?

"தம்பி, இத்த அந்த பில்டிங்குல எந்த எடத்துல நட்டு வச்சிருந்தாங்க? கரெக்டா சொல்லு."

"தெக்கேர்ந்து ரெண்டாவது பில்டிங்குக்கா. லிஃப்ட்டு போற குழிக்குள்ள நின்னுது. இப்ப அதுக்கு மேல லிஃப்ட்டு ரூம் கட்டிட்டாங்க."

குழம்பில் பாதியை அவன் டிபன்பாக்ஸில் ஊற்றிவிட்டு, மீதியை மகளிடம் கொடுத்து, "நாளைக்கு சனிக்கெழம, வூட்டுக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

ஊர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்கிற நேரம். மதியழகன் வழக்கம்போல மேற்கே பார்த்துக்கொண்டு நின்றான். கிட்டே போய் வாயைத் திறந்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். இது கரை. இங்கே சொன்னால் கட்டுப்பாடு கெட்டுவிடும். தனக்கு அதில் முழு நம்பிக்கை உண்டா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆனால் அவன் நம்புகிறான். அவன் பாரை அவன் வழியில்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அலைக்குள் இறங்கினாள். முழங்காலுக்குத் தண்ணீர் வந்ததும் திரும்பி, "யோவ், இங்க வா" என்று கத்தினாள்.

"ஏம்மே, பைத்தியமா புட்ச்சிகீது?"

"வான்றேன்ல!"

குப்பமே திரும்பிப் பார்த்தது. மானம் போகிறதே என்று அவன் ஓடிவந்து தண்ணீரில் இறங்கினான். அவள் அவன் காதோரம் குனிந்தாள்.

"இப்ப ரெண்டு பேரும் கடல்லதான் கீறோம். இங்க பேசலாம்ல? மாதா கோயில் கூம்பு. அதுக்குப் பின்னால கைமரம்."

மதியழகன் அலை அடித்ததில் ஆடினானா, அதைக் கேட்டு ஆடினானா தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "யாரு சொன்னா?"

"கைமரமே சொல்ச்சு. தாம்பரத்துல படுத்துகினு கீது, தொட்டுப் பாத்துட்டு வந்தேன். நீ வாய் வுட்டதால அது போவல. வேல முடிஞ்சி கழட்டிகினு போய்ட்டான். ஏன்யா, கழட்டி எடுத்துகினு போற சாமானத்தையா பாருக்கு வைப்பே?"

"வேற இன்னா பண்ண சொல்றே? எங்க நைனா காட்ன அடையாளம் தையூர் மல. அதுக்கு முன்னால பில்டிங்க கட்டி மறச்சிட்டான்" என்றான் அவன் பரிதாபமாக. "நாலும் ஒரே மாரி கீது. எதுன்னு புரியல. வடக்கு ஜோடி கைல கீது. மேக்கால ஜோடிதான் போய்ட்ச்சு."

"போவல. நாளைக்கு வெயில் ஏறினதும் கூம்புக்கு மேல பாரு. நான் மினுக்கிக் காட்டுறேன்."

அத்தோடு இருவரும் கரையேறினார்கள். அப்பாதுரை, "தண்ணில நின்னுகினு இன்னா குசுகுசு?" என்று கேட்டார். "புருசன் பொண்டாட்டி சமாச்சாரம்" என்றாள் காந்தா.

மறுநாள் விடிந்ததும் கூடையில் மீனுக்குப் பதிலாகச் சுவரில் மாட்டுகிற கண்ணாடியை வைத்துக்கொண்டு இரண்டாவது கட்டடத்தில் லிஃப்ட் ஏறினாள். மேல் மாடியில் ரோஸி மேடம் இருந்தார். அசோசியேஷன் செயலாளர், மொட்டைமாடிச் சாவி அவரிடம்தான். காந்தாவின் வாடிக்கைக்காரர்.

"டெரஸ்ல என்ன வேலை காந்தா?"

சொல்ல முடியாது, இதுவும் கரைதான். "ஒரு வேண்டுதல்மா. சூரியனுக்குக் கண்ணாடி காட்டணும்."

ரோஸி மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படி ஒரு வேண்டுதலை நான் கேள்விப்பட்டதே இல்லையே. சரி, கற்பூரம் கொளுத்தக் கூடாது, ரூல்ஸ் இருக்கு. நானும் வரேன், பார்க்கணும்."

லிஃப்ட் ரூமை ஒட்டி காந்தா நின்றாள். அத்தனை உயரத்திலிருந்து அவள் கடலைப் பார்த்ததே இல்லை. காலம்பூரா அதன் ஓரத்தில் கிடந்தவளுக்கு அது இத்தனை பெரிது என்று யாரும் சொல்லவில்லை. கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டு மாதா கோயில் கூம்பைத் தேடினாள். கூம்புக்கு மேலே நூல் பிடித்த மாதிரி பார்வையை ஓட்டினாள். புள்ளிகள் இருந்தன, எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணாடியைச் சூரியனுக்கு நேரே பிடித்து, கூம்பு இருக்கிற திசையில் மெல்லச் சாய்த்தாள். சாய்த்து நிமிர்த்தி, சாய்த்து நிமிர்த்தி, கை கடுக்கிற வரைக்கும் காட்டினாள்.

வடக்கே ஒரு புள்ளி தயங்கியது. திரும்பியது. மெதுவாகத் தெற்கே நகர்ந்து, கூம்பின் நேருக்கு வந்தது. கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பவும் வந்தது. பிறகு நின்றது.

நின்றது நின்றதுதான். மற்ற புள்ளிகளெல்லாம் ஓட, அது ஒன்று மட்டும் அங்கேயே இருந்தது. காந்தா கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு அன்பு போட்ட மாதிரியே ஒரு கும்பிடு போட்டாள்.

"வேண்டுதல் முடிஞ்சுதா?" என்றார் ரோஸி மேடம்.

"முடிஞ்சிட்ச்சும்மா."

படகு வந்தபோது சரிதாவும் தாம்பரத்திலிருந்து வந்து கரையில் நின்றாள். சொன்ன சனிக்கிழமை அதுதான். ஏலத்துக்குக் கூட்டம் சேர்ந்தது. படகுக்குள் சங்கரா செக்கச்செவேலென்று கிடந்தது. மதியழகன் அதில் பெரியதாக ஒன்றை எடுத்தான். பார் கைமாறினால் முதல் மீன் புதிதாக அடையாளம் தெரிந்துகொண்டவனுக்கு என்பது அவர்கள் குடும்ப வழக்கம்; அவனுக்கும் அவன் தகப்பன் அப்படித்தான் கொடுத்தார். படகு தன் கைக்கு வரப்போகிறது என்று கேள்விப்பட்டிருந்த சின்னதம்பி ஆசையாகக் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தான். மதியழகன் தம்பியைத் தாண்டிப் போய் மீனைக் காந்தா கையில் வைத்தான். ஏலக்காரன் வாய் அப்படியே நின்றுவிட்டது.

"இன்னாண்ணா இது? பொம்பளைக்கா?" என்றான் சின்னதம்பி.

"பாரு பேரு இன்னாடா?" என்று கேட்டான் மதியழகன்.

சின்னதம்பி நீட்டின கையை மடக்கிக்கொண்டான். காந்தா மீனின் வாலைப் பிடித்தபடி நின்றாள். இருபது வருஷமாகக் கேட்டு அலுத்த கேள்விக்கு இன்றைக்குப் பதில் வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. அந்தக் கங்கம்மாவும் என்றைக்கோ ஒரு நாள் கரையில் எதையாவது தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றிருப்பாளோ? காட்டியிருந்தால் எதைக் காட்டியிருப்பாள்?

மதியழகன் மகளிடம் போனான். அவளை நேராகப் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. "அந்தக் காத்து பேருலாம் அழிச்சிட்டியா, இல்ல எங்கயாச்சும் கீதா?"

"நீங்கதான அழிக்க சொன்னீங்க."

"சோறு துன்னுட்டு போனை எடு. மொதல்லர்ந்து சொல்றேன். உங்க மேடம் எவ்ளோ கேட்டாலும் சொல்றேன்."

சரிதாவின் முகம் மலர்ந்தது. ஆனாலும் தாயைப் போல மகள், அத்தோடு விடவில்லை. "அப்ப கைமரம்? பாருக்கு அது இன்னா அடையாளம்?"

மதியழகன் பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு தூண்டில் கயிற்றில் இல்லாத சிக்கை எடுக்க உட்கார்ந்துவிட்டான்.

காந்தா மீனை அப்பாதுரை கையில் கொடுத்துவிட்டுப் புடவையைத் தூக்கிச் சொருகினாள்.

"போனை உங்க நைனாகிட்ட குட்த்துட்டு தண்ணில எறங்கு" என்று மகளிடம் சொன்னாள். "முட்டி வரைக்கும் வரணும்."